கட்டிலுக்கடியில் பிடி அரிசி

ஜூலை 21, திங்கள்

உப்புமாவில் வண்டு. சேகர் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, மீதியைச் சாப்பிட்டு ஆபீஸ் போய்விட்டான். என் மகன் அவன் அப்பா மாதிரி, சாப்பாட்டில் குறை சொல்லத் தெரியாது. மருமகள் பிரியாவுக்குத் தெரியும். "அத்தை, இந்தக் கடுகு நடக்குதே" என்றாள்.

மழைக்காலத்தில் டெல்லியில் வண்டு வராத வீடு கிடையாது என்று சொல்லிவைத்தேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஜூலை 22

ஆட்டாவிலும்.

ஜூலை 24, வியாழன்

பிரியா கடைக்காரர் குப்தாவிடம் சண்டைக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். அவள் ஹிந்தியில் பொரிந்து தள்ள, அந்த மனுஷன் மூட்டையைப் பிரித்துக் கையால் அள்ளிக் காட்டினார். ஒரு வண்டு இல்லை. "மாதாஜி, ஆப் போலோ" என்று, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல, என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு இருந்தேன். எனக்கு வெங்காயமே வேண்டியிருக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்தி, அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். சேகர் எழுத்துக்கூட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். பிரியா இந்த ஊரில் பிறந்தவள். பேத்தி ஜெரூஷா சுவரில் மாட்டிய தமிழ் வசனத்தைப் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். டைரியைத் திறந்தே வைக்கலாம்.

வண்டு குப்தா கடையிலிருந்து வரவில்லை. என் கட்டிலுக்கடியிலிருந்து வருகிறது.

மதியம் உலை வைக்கிறது நான். அரிசி களையுமுன் கர்த்தருக்கென்று ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போடுவேன். என் அம்மா போட்டாள், அவள் அம்மாவும் போட்டாள். மாதத்தில் முதல் ஞாயிறு அந்தப் பிடி அரிசியை ஆலயத்துக்குக் கொண்டு போய்ப் பொதுச் சாக்கில் கொட்ட வேண்டும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கலந்து, இல்லாதவர்களுக்குப் போகும்.

நான் கொண்டு போகிறதில்லை. ஆனால் எடுப்பதை நிறுத்தவும் இல்லை. கர்த்தர்மேல் எனக்கு என்ன வருத்தம்? சாக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாளே, அவள்மேல்தான்.

பிஸ்கட் டின் நிறைந்தது. அப்புறம் நெய் டின். அப்புறம் பெயின்ட் வாளி. எல்லாம் கட்டிலுக்கடியில்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று நற்கருணை. வரிசையாக எழுந்து பலிபீடத்துக்கு முன்னால் போகிறார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அதே பெஞ்சில் இருக்கிறவர்கள் என் காலைத் தாண்டிப் போகிறார்கள். பழகிவிட்டது அவர்களுக்கு.

பகையை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை எடுக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். அதனால் எடுக்கவில்லை. பகையை விட முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

பாப்பம்மாள் அவள் பெயர். மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தவள், வீட்டு வேலை செய்கிறவள். பிடி அரிசி வாங்குகிற பொறுப்பை எங்கள் போதகரின் மனைவி, ஐயரம்மா, அவளிடம் கொடுத்திருந்தார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர், அறுப்பின் பண்டிகைக்கு முதல் நாள், ஆலயத்து ஹாலில் மூன்றாவது ஃபேனுக்குக் கீழே. அவள் கத்தரிப்பூக் கலர் சேலை, மடிப்பு சரியாக வராதது. நான் என் பையைக் கொட்டப் போனேன். கையை விட்டுப் பார்த்தாள். "இது ரேஷன் அரிசி, இத்த கலக்காதீங்க, தனியா வையுங்க" என்று சத்தமாகச் சொல்லி என் பையைச் சுவரோரம் வைத்துவிட்டாள். ஐயரம்மா திரும்பிப் பார்த்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

ரேஷன் அரிசியாம். மத்திய சர்க்காரில் வேலை பார்த்தவருடைய பெண்டாட்டி நான். என் வீட்டில் பொன்னி அரிசி. அதை யார் சொல்கிறது? கேம்ப்பில் இருந்து வந்த—

போதும். எழுதினால் ரத்தம் ஏறுகிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஜெரூஷா திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்வந்தாள். அக்டோபர் ஐந்தாம் தேதி பேராயர் வந்து கை வைத்து ஜெபிப்பார், அன்றைக்கே முதல் நற்கருணை. எங்கள் சபையில் முதல்முதல் எடுக்கிற பிள்ளையோடு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும்.

"ஆச்சி, நான் உன் பேர் குடுத்துட்டேன்."

"என் பேரை எதுக்குட்டி கொடுத்தே? உங்க அப்பன் இருக்கான்லா."

"பப்பாவுக்கு பாட்டே தெரியாது. நீதான் எனக்கு ஜெபம் சொல்லிக் குடுத்த. பஸ், ஹோ கயா, முடிஞ்சுது."

தலைசுற்றல் வருது என்றேன். "நான் பிடிச்சுக்குவேன்" என்றாள். ஆலயத்தில் கூட்டம் என்றேன். "ஆச்சி, வகுப்புல சொன்னாங்க, யாரோடயாவது ஜகடா, சண்டை இருந்தா போகக்கூடாதுன்னு. உனக்கு யார்கூட ஜகடா?"

"போய் முகத்தைக் கழுவு."

"நீ வரலன்னா நானும் போகமாட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சும்மா மிரட்டவில்லை. அவள் என் ரத்தம். சொன்னால் செய்வாள்.

ஆகஸ்ட் 11

பிரியா அரிசிப் பானைக்குள் காய்ந்த மிளகாய் போட்டாள், வேப்பிலை போட்டாள், கிராம்பு போட்டாள். வண்டு கிராம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாரும் போனபிறகு குனிந்து வாளியைத் திறந்து பார்த்தேன். மூடியை நான் எவ்வளவு இறுக்கி வைத்தேன். மேலே துணி கட்டி, அதற்கு மேல் என் பழைய பைபிள் உறையை வைத்து. உள்ளே கறுப்பாக அசைகிறது. கையை வைத்தால் சூடு.

மூடி வைத்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். இருட்டும் சூடும்தானே அதற்கு வேண்டியது. நான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கென்று பதுக்கினவர்களுக்கு என்ன ஆனது? புழுப் பிடித்தது, நாறியது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் இந்தக் கதையை ஒப்பித்துப் பென்சில் பரிசு வாங்கியவள் நான். பென்சில் பாதியாக உடைந்திருந்தது, கொடுத்த வாத்தியாரம்மா பெயரும் ஞாபகம் இருக்கிறது.

அவர்களாவது தாங்கள் தின்பதற்காகப் பதுக்கினார்கள். நான் கர்த்தருடையதைப் பதுக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெரூஷாவின் டிபன் டப்பாவில், எலுமிச்சைச் சோற்றில் வண்டு. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் 'மதராசி புரோட்டீன்' என்று சிரித்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்தாளாம். "ஒரு பொண்ணுக்கு குடுத்தேன் ஆச்சி, டேஸ்ட் பாருன்னு. ஓடிட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. நாள் முழுக்கப் பட்டினி. நான் தோசை சுட்டுக் கொடுத்தேன், கேட்கக் கேட்கச் சுட்டேன். அதற்குமேல் என்ன செய்ய?

செப்டம்பர் 7, ஞாயிறு

அவள் வாசலில் சாக்கோடு நின்றாள். கேம்ப்பை இடித்தபிறகு டெல்லிக் கடைசியில் நரேலாவில் வீடாம். அங்கிருந்து பஸ் மாறி மாறி வருகிறாளாம், வேலை பார்த்த வீடுகளும் போய்விட்டனவாம். ஐயரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

இளைத்திருக்கிறாள்.

என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாக்கா" என்றாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்பைக் கழற்ற இவ்வளவு நேரமா என்று எனக்கே தோன்றியது.

செப்டம்பர் 10, புதன்

பிடிபட்டுவிட்டேன்.

பிரியாவுக்கு இன்று லீவு. சுவரில் வண்டு வரிசையாகப் போவதைப் பார்த்து அது போகிற வழியே பின்னால் போனாள். வழி என் அறைக்கு வந்தது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "தள்ளுங்க அத்தை" என்று குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தாள்.

"அத்தை, இது என்ன, கோடவுனா?"

"அது கர்த்தருடையது."

"கர்த்தர் நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்காரா?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "குப்தாஜிய நான் என்னல்லாம் பேசினேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்களே அத்தை."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது ஃபேன், கத்தரிப்பூச் சேலை, ஐயரம்மா திரும்பினது. கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "எங்க சித்தி என் கல்யாணத்துல என்னமோ சொன்னாங்கன்னு இன்னும் அவங்களோட பேசமாட்டீங்க. எனக்கே மறந்துபோச்சு" என்றாள்.

"மாப்பிள்ளைக்குக் காது பெரிசுன்னு சொன்னா."

"பெரிசுதானே அத்தை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவள் என் காலைப் பிடித்துவிட்டாள். கட்டிலுக்கடியில் குனிந்து இழுத்தவள் அவள், வலி என்னவோ எனக்கு இருக்கிற மாதிரி.

செப்டம்பர் 12, வெள்ளி

வீட்டில் பொங்கலாமா? கூடாது, நேர்ந்து எடுத்தது. குப்பையில் போடலாமா? ஐயோ. புறாவுக்குப் போடலாம் என்றாள் பிரியா. புறா பசியாக இருக்கிறது என்றா நான் ஒவ்வொரு பிடியும் ஜெபித்து எடுத்தேன்?

"அப்போ வாங்க வேண்டியவங்க கையில குடுங்க. வேற வழி இல்ல."

"வண்டரிசியை எப்படி கொடுக்க?"

"புடைச்சு குடுங்க."

இந்த ஊரில் சுளகுக்கு எங்கே போக? சபையில் விசாரித்தாள் பிரியா. இருப்பது ஒரே ஒரு வீட்டில். யார் வீடு என்று எழுதவும் வேண்டுமா?

செப்டம்பர் 13

போகமாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் ஒரு பெரியவர். ஜெரூஷா பக்கத்தில் வெறும் இடம். "ஆச்சி எங்கே?" என்று ஐயர் கேட்டதற்கு, "அவங்க வருவாங்க, கொஞ்சம் வேலை இருக்கு" என்றாள். நான் பின் பெஞ்சில்தான் இருந்தேன். அவளுக்கும் தெரியும்.

காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். நான் காணிக்கையைப் பலிபீடம் வரைக்குங்கூடக் கொண்டு போகவில்லை. கட்டிலைத் தாண்டவில்லை.

செப்டம்பர் 20, சனி

நரேலா போய்வந்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் இன்றே எழுதவேண்டும்.

நானும் பிரியாவும், அரிசிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு. மெட்ரோவில் என் பை ஓரத்திலிருந்து ஒரு வண்டு இறங்கிப் பக்கத்து ஆளின் பேண்ட்டில் ஏறியது. பிரியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அப்புறம் பஸ். வயலும் கட்டிடமும் மாறி மாறி வந்தன. இவ்வளவு தூரத்திலிருந்தா அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்?

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பின்னால் போனாள். பிறகு, "வாங்கக்கா, பஸ்சு கெடைச்சுதா" என்றாள், நேற்றுத்தான் பேசிப் பிரிந்த மாதிரி.

தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"பாப்பம்மா, அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் என் அரிசியை ரேஷன் அரிசின்னு தனியா வச்சியே. ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நல்லா இருக்குது."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"அதுல வண்டு இருந்துச்சிக்கா. கைய வுட்டா வெரல்ல ஏறுது. ஐயரம்மா பக்கத்துல நிக்குது, அத்தினி பொம்பளைங்க நிக்கிறாங்க. வண்டுன்னு சொன்னா உங்க வூட்டு பேரு கெட்டுப்பூடும். அதான் ரேஷன் அரிசின்னு சொல்லி ஓரமா வெச்சேன்."

"ரேஷன்னு சொன்னா மட்டும் என் பேரு வாழுமாக்கும்?"

"நா அத்ததான் இத்தினி வருசமா துன்றேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "அதுல என்னா கேவலம்?"

பிரியா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் மானத்தை மூட ஒரு துணியைப் போட்டிருக்கிறாள். தன் வீட்டுத் துணி. அது எனக்கு அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

"அந்த அரிசியை அப்புறம் என்ன செஞ்சே?"

"இன்னா செய்வாங்க? வூட்டுக்கு எடுத்துனு போயி பொடச்சி, வெயில்ல போட்டு, அடுத்த மாசம் சாக்குல சேத்துட்டேன். உங்க பங்கு போயிச் சேந்துடுச்சிக்கா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க மூஞ்சத் திருப்பிக்கினீங்க. எனக்கும் ரோசம் இல்லியா? ஒருதபா, ரெண்டுதபா நல்லா இருக்கீங்களான்னேன். நீங்க செருப்பக் கழட்டிக்கினே இருந்தீங்க. இன்னும் ஒருதபா கேட்டுட்டு வுட்டுடலாம்னுதான் இருந்தேன்."

பிரியாவுக்குப் புரையேறியது.

மொட்டை மாடியில் போர்வை விரித்து அரிசியைப் பரப்பினோம். நான் ஒவ்வொரு வண்டாகப் பொறுக்கி நசுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா குந்துங்கக்கா. வெயிலு பட்டா அதுவே பூடும்." அப்படியே ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் போர்வை ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து எல்லாம் வெளியே போயின. யாரும் துரத்தவில்லை. வெளிச்சத்தில் அதற்கு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு புடைத்தோம். அவள் முறம் என்கிறாள், எனக்கு அது சுளகு. என் கை இன்னும் மறக்கவில்லை. உளுத்தது எல்லாம் தவிடாக முன்னால் பறந்தது. வாளி அரிசியில் பாதிக்குமேல் மாவாகிவிட்டது. டின்னில் இருந்தது தேறியது. நான் பாதியைப் பார்த்து வருத்தப்பட்டேன். "மிச்சம் பாதி இருக்குதே" என்றாள். முதல் ஞாயிறு சாக்கில் போட அதை அவளிடமே விட்டோம்.

கிளம்பும்போது, "மன்னிச்சிரு" என்று சொல்ல வேண்டும் என்று படிக்கட்டு வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா? "உன் முறத்துல ஒரு ஓரம் பிரிஞ்சிருக்கு, கட்டு" என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று ஆலயத்தில் சொல்லிவிட்டேன். ஒத்த வார்த்தை. வாசலில் அவள் பக்கத்தில் நின்று, "மன்னிச்சிரு பாப்பம்மா" என்றேன். "நானுந்தாங்க்கா" என்றாள். அவள் கண் கலங்கியது. நான் கலங்கவில்லை, வீட்டுக்கு வந்தபிறகுதான்.

ஒன்று மட்டும் நேற்றிலிருந்து உறுத்துகிறது. வண்டு வெளியிலிருந்து வருகிறதில்லையாம். அரிசி மணிக்குள்ளேயே முட்டை இருக்குமாம், பார்த்தால் தெரியாதாம். பாப்பம்மாள் சொன்னாள். குப்தாவைக் குறை சொன்னோம், மழையைச் சொன்னோம். நான் அவளைச் சொன்னேன். முட்டை எனக்குள்தான் இருந்தது, அந்த ஹாலுக்குப் போகுமுன்பே. கேம்ப்பில் இருக்கிறவள் என்னை எப்படி— என்று இருந்ததே, அதுதான். அவள் சொன்ன வார்த்தை அதைப் பொரிக்க மட்டுந்தான் செய்தது.

ஆண்டவரே, இதையும் வெயிலில் போடும். பொறுக்கி நசுக்க எனக்குத் தெம்பு இல்லை.

செப்டம்பர் 25

பிரியா குப்தாவிடம் போய், தப்பு எங்கள்மேல்தான் என்று சொன்னாள். நானும் நின்றேன். இந்தத் தடவை வெங்காயம் பொறுக்கவில்லை. "கோயி பாத் நஹீ, மாதாஜி" என்றார், பரவாயில்லை என்று.

அக்டோபர் 5, ஞாயிறு

பேராயர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெரூஷாவுக்கு வெள்ளை உடுப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். முழங்கால் போட்டோம். நரேலா பஸ் தாமதம்போல, பாப்பம்மாள் கடைசியில் மூச்சு வாங்க வந்து எனக்கு மறுபக்கம் இடம் இருந்ததைப் பார்த்து மண்டியிட்டாள். அப்பம் எனக்கு, பிறகு அவளுக்கு. எத்தனை நாளைக்குப் பிறகு. நான் அதற்குமேல் எழுதப் போவதில்லை, அது எனக்கும் அவருக்கும்.

மதியம் அவளைச் சாப்பிடக் கூட்டி வந்தோம். சேகர் ஆட்டுக்கறி வாங்கியிருந்தான். ஜெரூஷா தன் பக்கத்தில் உட்கார வைத்து ஹிந்தியிலேயே பேசிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே பாப்பம்மாள், "கறி நல்லா இருக்குது. சோறுதான் கொஞ்சம் கொழஞ்சிப்போச்சிக்கா" என்றாள். என் வீட்டில், என் மருமகளுக்கு முன்னால், இரண்டாம் தரம் சோறு வாங்குகிறபோது. நீலச் சேலை, இடது தோளில் பின் குத்தியிருந்தாள்.

பிரியா மூச்சுவிடாமல் என்னைப் பார்த்தாள்.

குழைந்துதான் போயிருந்தது. இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். அடுத்த முதல் ஞாயிறும் இங்கேதான் சாப்பாடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.